எரிபந்தம்: புள்ளி தோன்றுமுன் காத்தல்

நெல்லிலையிற் கண்வடிவப் புள்ளி தோன்றிய பின்னரே கமக்காரர் பலர் எரிபந்த நோயைக் குறித்துக் கவலை கொள்கின்றனர். அது காலங்கடந்த கவலையாகும்.

மூன்று கலங்களையுடைய பங்கசு வித்தி, ஈரமான இலையில் ஒட்டிச் சில மணி நேரத்தில் முளைக்கின்றது. முளையின் நுனி கரிய குமிழ் போன்ற கலமாகப் பருக்கின்றது. வித்தியின் மூன்று கலங்களும் தம் சத்தை அதற்கு ஈந்து மடிகின்றன. குமிழினுள் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 80 மடங்கு வரை அமுக்கம் உண்டாகி, இலைத்தோலைத் துளைக்கின்றது. புள்ளி தெரிவதோ சில நாட்களின் பின்னரே.

ஆதலின், புள்ளியைக் கண்டபின் மருந்து தெளிப்பதை மட்டும் நம்பியிராது, நோயெதிர்ப்புள்ள இனத்தை விதைத்தலும், யூரியாவை அளவோடு பிரித்து இடுதலுமே அறிவுடைமை என்பது எமது துணிபு. நைதரசன் மிகுந்த கரும்பச்சைப் பயிர் கண்ணுக்கு அழகு, பங்கசுக்கோ விருந்து.