பணிக்கரும் தேவிகுளமும்

ராயப்பேட்டையில் நாங்கள் நண்பர்கள் கூடினால், பேச்சு எப்படியோ தேவிகுளம், பீர்மேட்டில் வந்து நிற்கும். உடனே சர்தார் கே. எம். பணிக்கருக்கு வசை விழும். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் மலையாளியான அவர் இருந்ததால்தான், தமிழர் மிகுந்த அவ்வட்டங்கள் கேரளத்திற்குப் போயின என்பது நம்மவர் தீர்ப்பு.

எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்ததும் 1955ஆம் ஆண்டின் அதே அறிக்கைதான். அதிலும் பணிக்கரின் கையொப்பம் உண்டு.

எனினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஆணையத் தலைவர் ஃபசல் அலி, பீகாரோடு தமக்கிருந்த நெடுநாள் தொடர்பைக் கருதி, அம்மாநிலத்தின் எல்லை வழக்குகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். கேரள எல்லை குறித்துப் பணிக்கர் அவ்வாறு ஒதுங்கவில்லை.

1950 அக்டோபரில், கொரியப் போரின்போது, அவர் பீகிங்கில் இந்தியத் தூதர். சௌ என்லாய் அவரை நள்ளிரவில் அழைத்து, அமெரிக்கப் படை 38ஆவது இணைகோட்டைக் கடந்தால் சீனா போரில் இறங்கும் என்று எச்சரித்தார். கொண்டுவந்தவர் சீனச் சார்பினர் என்று கருதி வாஷிங்டன் அச்செய்தியைத் தள்ளியது. செய்தியோ மெய்யாயிற்று.

சொன்னவர் மீதுள்ள ஐயம் சொல்லையும் கெடுக்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் ஒதுங்கியிருந்தால் எல்லை மாறியிராமல் போயிருக்கலாம். இந்த ஐயமாவது எஞ்சியிராது.