திண்ணையில் சாவி வேண்டாம்!

"ஏனம்மிணி, வாடகைக் கணக்கு இன்னுமா வரலை?" என்று அதட்டினார் முதலாளி. நாமக்கல் லாரி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் சகோதரிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேஜைப் பழைய கம்ப்யூட்டரிலுள்ள கணக்கு, புதிதாக வந்ததில் திறக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நேரலாம். பதறாதீர்கள்! இரண்டும் ஒரே இணைப்பில் இருக்கின்றனவா? நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். அப்படியும் திறக்கவில்லையா? 2024-இல் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்பு, பாஸ்வேர்டு கேட்காத கம்ப்யூட்டரோடு உறவு கொள்ளாது. பழையதில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் ஏற்படுத்தி, அந்தப் பெயருக்கு ஃபோல்டரைப் பார்க்க அனுமதி கொடுங்கள். புதியதில் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் தாருங்கள், கதவு திறக்கும்.

"பழைய எஸ்.எம்.பி. 1 முறையை இயக்கிவிட்டால் தீர்ந்தது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் அந்த வழியே புகுந்துதான், உலகெங்கும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது!

நம் சகோதரி பாஸ்வேர்டு வைத்தார். மாலைக்குள் கணக்கும் வந்தது. சாவியைத் திண்ணையில் போட்டுவிட்டு யாராவது சந்தைக்குப் போவோமா, சொல்லுங்கள்?