தேர்வு நடத்துவதோடு கடமை முடிந்ததா?

வெளிநாடுகளில் மருத்துவம் பயின்று திரும்பும் இந்திய இளைஞர்கள் இங்கு மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால், தேசிய தேர்வுகள் வாரியம் நடத்தும் எஃப்எம்ஜிஇ தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வில் 300 கேள்விகள். 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி; 149 என்றால் தோல்வி. அண்மை ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் பெரும்பாலும் 10 சதவிகிதத்திற்கும் 30 சதவிகிதத்திற்கும் இடையில்தான் ஊசலாடி வருகிறது. அதாவது, தேர்வெழுதுவோரில் மிகப் பெரும்பான்மையினர் ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியவர்களாகவே ஒவ்வொரு முறையும் வீடு திரும்புகின்றனர்.

இவர்கள் வெளிநாட்டு மோகத்தால் சென்றவர்கள் என்று ஒரு கருத்து பரப்பப்படுகிறது. உண்மை வேறு. 2024இல் நீட் தேர்வெழுதியோர் 23 லட்சத்திற்கும் அதிகம். நாட்டிலுள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அவற்றிலும் கிட்டத்தட்ட பாதி தனியார் கல்லூரிகளின் கையில். அங்கு கேட்கப்படும் கட்டணத்தைவிட ரஷ்யாவிலோ, கிர்கிஸ்தானிலோ, ஜார்ஜியாவிலோ படித்து முடிப்பது மலிவு என்பதால்தான் சிறு விவசாயிகளும் ஆசிரியர்களும் சிறு வணிகர்களும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். தனியார் கல்லூரிகளில் 50 சதவிகித இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்கப்பட வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உக்ரைன் போரில் சிக்கிய மாணவர்கள் திரும்பிக்கொண்டிருந்த நாட்களில் பிரதமரே இதைப் பெருமையாக அறிவித்தார். அந்த வழிகாட்டுதல் இன்றும் பெரும்பாலும் காகிதத்திலேயே உறங்குகிறது.

தேர்வே கூடாது என்பதல்ல வாதம். நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட தொழிலில் தகுதியைச் சோதிப்பது மக்களின் உரிமையைக் காப்பதாகும். இத்தேர்வில் தேர்ச்சி பெறாத 73 பேர் மாநில மருத்துவக் கவுன்சில்களில் பதிவு பெற்றதாக 2022 டிசம்பரில் சிபிஐ வழக்குப் பதிந்தது. இந்த வழக்கில் 14 மாநிலக் கவுன்சில்களும் சேர்க்கப்பட்டன. நேர்வழி அடைபட்டுக் கிடக்கும்போது கொல்லைப்புற வழியில் கடை விரிப்பவர்கள் தோன்றுவார்கள். அதில் ஏமாறுவது கடைசியில் ஏழை நோயாளிதான். எனவே தரத்தைத் தளர்த்து என்று எவரும் கேட்கவில்லை. தோற்றவர் தகுதி பெறுவதற்கு அரசு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

எதுவும் செய்வதில்லை என்பதே விடை. தோற்றவர் எந்தப் பாடத்தில் பின்தங்கினார் என்பதை அறிய வழியில்லை. கேள்வித்தாள் கையில் தரப்படுவதில்லை. மறுமதிப்பீடும் இல்லை, மறுகூட்டலும் இல்லை. பதிவு இல்லாததால் அவர் எந்த மருத்துவமனையிலும் நோயாளியைத் தொட முடியாது. ஐந்தரை, ஆறு ஆண்டுகள் கற்ற கைப்பழக்கம் ஒவ்வொரு ஆறு மாதத்திலும் தேய்கிறது. மருத்துவக் கல்வி என்பது வார்டில் நின்று கற்பது. ஆனால் இவர்களோ தில்லி எய்ம்ஸ் அருகே கௌதம் நகர் போன்ற இடங்களில் குறுகிய அறைகளில் அடைந்து, கொள்குறி வினாக்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் தேர்வுக் கட்டணம் 6,000 ரூபாய்க்கு மேல். பயிற்சி மையக் கட்டணம், வாடகை, வளர்ந்துகொண்டே போகும் கல்விக்கடன் வட்டி ஆகியவை தனி. பெண்களுக்கோ, “இன்னும் எத்தனை முறை எழுதுவாய், கல்யாணத்தை முடித்துவிடலாம்” என்ற நெருக்கடியும் சேர்கிறது. தோல்வியிலும் லாபம் பார்க்கிறது பயிற்சிச் சந்தை. இந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர்களை ஆண்டுக்கு இருமுறை அனுப்பி வைக்கும் வேலையை அரசின் தேர்வு வாரியமே செய்து தருகிறது.

காலமும் காத்திருப்பதில்லை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் படிப்பு, தேர்வு, பயிற்சி அனைத்தும் முடிந்தாக வேண்டும்.

தேர்ச்சி பெற்றவர்களின் கதையும் அத்தோடு சுபமாக முடிவதில்லை. இந்திய மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணிபுரிந்த பிறகே நிரந்தரப் பதிவு கிடைக்கும். ஆனால் கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் அதிகபட்சம் 7.5 சதவிகிதம் மட்டுமே இவர்களுக்கு என்று ஆணையம் வரம்பு கட்டியிருக்கிறது. தேர்ச்சி பெற்றும் இடத்திற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் வரிசை இதனால் நீள்கிறது. கொரோனாவாலும் போராலும் இணையவழியில் படிக்க நேர்ந்தவர்களுக்குப் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள், சிலருக்கு மூன்று ஆண்டுகள் என நீட்டப்பட்டது. இங்கு படித்தவர்களுக்கு இணையான உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. அதைப் பெறுவதற்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கிறது. ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு ஊதியம், மற்றவருக்கு இல்லை என்றால் அது அப்பட்டமான உழைப்புச் சுரண்டலாகும்.

தரத்தின் பெயரால் 149 மதிப்பெண்ணைத் திருப்பி அனுப்பும் இதே அரசு, 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்களுக்கான நீட் தகுதி அளவைப் பூஜ்ஜிய பெர்சன்டைலாகக் குறைத்தது. அவ்விரண்டும் வெவ்வேறு தன்மையுள்ள தேர்வுகள் என்பது உண்மைதான். ஆயினும், கோடிகளில் விலை பேசப்படும் தனியார் கல்லூரி இடங்கள் காலியாகிவிடக் கூடாது என்னும்போது தரம் நெகிழ்கிறது. கடன்பட்ட குடும்பத்துப் பிள்ளை கைதூக்கிவிடக் கேட்கும்போது சட்டம் இறுகுகிறது. ஊரகச் சமூக சுகாதார மையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 சதவிகிதம் பேர் இல்லை என்று ஒன்றிய அரசின் 2021-22 புள்ளிவிவரமே ஒப்புக்கொண்டது. அந்தப் பணியிடங்களை நோக்கிய முதல் படியிலேயே இந்த இளைஞர்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றனர்.

இது வெளிநாடு சென்றவர்களின் பிரச்சனை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வை விதித்துள்ளது. மூன்றாண்டுகளில் நடத்தியிருக்க வேண்டிய அத்தேர்வு எதிர்ப்புகளால் தள்ளிப்போகிறது. அது வந்தால், அரசுக் கல்லூரியில் படித்து முடித்த தொழிலாளியின் மகளும் பதிவுக்காக இதே வாயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தோற்றவர்களுக்குப் பாடவாரி மதிப்பெண்ணும் கேள்வித்தாளும் தரப்பட வேண்டும். அடுத்த தேர்வு வரை அரசு மருத்துவமனைகளில், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், கட்டணமில்லாத இணைப்புப் பயிற்சி வேண்டும். பயிற்சி மருத்துவர் இடங்களின் 7.5 சதவிகித வரம்பை நீக்கி, மாவட்ட மருத்துவமனைகளை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். அம்மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்துவிடும் நிதி ஆயோக்கின் 2020ஆம் ஆண்டுத் திட்டம் கைவிடப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்களும், வெளியே மாணவர், இளைஞர் அமைப்புகளும் இக்கோரிக்கைகளை, அடுத்த தேர்வுக்கான விண்ணப்ப அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே எழுப்ப வேண்டும்.