மடியில் கனமும் வழியில் பயமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க நூலகத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் டெலிபோன் ஒட்டுக்கேட்பில் வந்து நின்றது. நண்பர் ஒருவர், "நேர்மையாக இருக்கிறவனுக்கு என்ன சார் கவலை? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. சர்க்கார் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே!" என்றார். பழமொழிக்கு ஒரு சக்தி உண்டு. அதைச் சொன்னவுடன் விவாதம் முடிந்துவிடும். அன்றும் முடிந்தது. தகுந்த பதில் எனக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது. அதை இங்கே எழுதுகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

என் பதில் ஒரு நாவலாசிரியரைப் பற்றியது. ஜேம்ஸ் பால்டுவின் என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர். 1924-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒன்பது குழந்தைகளில் மூத்தவராக வளர்ந்தார். 1948-இல் பாரிஸுக்குப் போய் அங்கிருந்தபடி எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 1953-இல் வந்தது. 1962-இல் 'அனதர் கன்ட்ரி' என்ற நாவலும், 1963-இல் 'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' என்ற கட்டுரை நூலும் வந்தபோது அமெரிக்கா முழுவதும் அவர் பெயர் தெரிந்துவிட்டது. 1963 மே மாதம் 'டைம்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது.

போலீசைப் பற்றி அவர் பூசி மெழுகி எழுதியவர் அல்ல. ஹார்லெமில் ரோந்து வரும் போலீஸ்காரர், பிடிபட்ட நாட்டில் காவல் காக்கும் அந்நியப் படைவீரனைப் போல இருக்கிறார் என்பது 1960-லிருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. 1974-இல் எழுதிய 'இஃப் பீல் ஸ்ட்ரீட் குட் டாக்' நாவலின் கதையே, ஒரு போலீஸ்காரரின் வன்மத்தால் பொய் வழக்கில் சிறைக்குப் போகும் இளைஞனைப் பற்றியதுதான்.

1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், ஊர்வலம் வந்த கறுப்பினச் சிறுவர் சிறுமியர்மீது நாய்களை ஏவினார்கள். தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பால்டுவின் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குத் தந்தி அடித்தார். இந்தக் கலவரத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று அதில் அவர் சுட்டியவர்களில் ஒருவர் எட்கர் ஹூவர், அதாவது மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் தலைவர். அந்த மாதம் 24-ஆம் தேதி கென்னடியின் நியூயார்க் வீட்டில் பால்டுவினும் வேறு சில கறுப்பினப் பிரமுகர்களும் அவரைச் சந்தித்தார்கள். பேச்சு காரசாரமாக முடிந்தது. அதற்குப் பிறகு எஃப்.பி.ஐ.யின் பார்வை பால்டுவின்மீது அழுத்தமாக விழுந்தது.

அந்தப் பார்வையின் விளைவு 1884 பக்கங்கள் கொண்ட ஒரு ஃபைல். எஞ்சினியர் புத்தி போகாதல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், அடுக்கினால் பத்தொன்பது சென்டிமீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஒரு சாண். அவருக்கு முந்திய தலைமுறையின் பெரிய கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட்டின் ஃபைல்கூட 276 பக்கம்தான்.

இந்த ஒரு சாண் ஃபைலில் என்ன இருக்கிறது? எங்கே பேசினார், எந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார், எந்த ஊருக்குப் போனார், யாரோடு பழகினார், இவைதாம். மார்ட்டின் லூதர் கிங்கின் வக்கீலும் ஆலோசகருமான கிளாரன்ஸ் ஜோன்ஸின் டெலிபோனை ஒட்டுக்கேட்டபோது, அதில் பால்டுவின் பேசியதும் பதிவாயிற்று. நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். நம்மைக் கேட்க வேண்டும் என்பதில்லை; நம்மோடு பேசுகிறவரைக் கேட்டாலே போதும், நாமும் ஃபைலுக்குள் வந்துவிடுவோம்.

1964-இல் ஹூவர் ஒரு குறிப்பின் ஓரத்தில், பால்டுவின் ஒழுக்கம் கெட்டவர் என்று பேர் எடுத்தவர்தானே என்ற தோரணையில் எழுதிக் கேட்டார். கீழே இருந்த அதிகாரி, அவர் எழுத்துகளில் ஒருபாலின உறவு அனுதாபத்துடன் சொல்லப்படுவது உண்மைதான், ஆனால் அதைக் கொண்டு அவரே அப்படிப்பட்டவர் என்று சொல்ல இயலாது என்று பதில் எழுத வேண்டியிருந்தது. 'அனதர் கன்ட்ரி' நாவல் ஆபாசமானதா என்றும் பரிசீலனை நடந்தது. நீதித்துறையில் படித்துப் பார்த்தவர்கள், அதற்கு இலக்கியத் தகுதி உண்டு என்று எழுதி அனுப்பினார்கள். திருடனைப் பிடிக்கச் சம்பளம் வாங்கும் துறை நாவலுக்கு மதிப்புரை வாங்கிக்கொண்டிருந்தது!

எஃப்.பி.ஐ.யைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதப்போவதாகவும் பால்டுவின் சொல்லியிருந்தார். உடனே அது எப்போது வரும், யார் வெளியிடுவார்கள் என்று விசாரணை ஓடியது. அந்தப் புத்தகம் கடைசிவரை வரவில்லை. வராத புத்தகத்துக்கும் ஃபைலில் பக்கங்கள் உண்டு.

இதெல்லாம் சிரிப்பதற்கான சமாசாரம் என்று விட்டுவிட முடியாது. நாட்டில் நெருக்கடி நிலை வந்தால் உடனே பிடித்து அடைக்க வேண்டியவர்கள் என்று எஃப்.பி.ஐ. ஒரு ரகசியப் பட்டியல் வைத்திருந்தது. 1963-இல் அதில் பால்டுவின் பெயரும் ஏறியது. ஒரு குற்றமும் செய்யாத, எந்த வழக்கும் இல்லாத ஒரு நாவலாசிரியர். அவர் மடியில் என்ன கனம் இருந்தது?

அந்த ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி அலபாமாவின் செல்மா நகரில் நடந்தது இதைவிட முக்கியம். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய முந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் நீதிமன்றக் கட்டிடத்தின் முன்னால் நாள் முழுக்க வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோன இளைஞர்களைப் போலீசார் அடித்துக் கீழே தள்ளினார்கள்; மாடு ஓட்டும் மின்சாரக் கோலால் ஷாக் கொடுத்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறத்தில் மத்திய அரசுக் கட்டிடம். அங்கே எஃப்.பி.ஐ. ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாக்குரிமையைத் தடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அவர்கள் குறுக்கே வரவில்லை. பால்டுவின் அன்று அங்கே இருந்தார். கண்ணால் கண்டதைத்தான் அவர் சொன்னார். சொன்னவர் பெயரில் ஃபைல் பெருத்தது.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1964 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று உரிமைப் போராட்ட இளைஞர்கள் கொல்லப்பட்டபோது, அதே எஃப்.பி.ஐ. ஆட்களை இறக்கி, உளவாளி மூலம் துப்புப் பெற்று, ஆகஸ்ட் மாதம் ஓர் அணைக்கட்டின் மண்ணுக்கடியிலிருந்து உடல்களைக் கண்டெடுத்தது. உள்ளூர் போலீஸ்காரர்களே அதில் கூட்டு என்பதும் வெளிவந்தது. கொலைகாரனை நோட்டமிடுவதற்கு ஒரு முடிவு இருக்கிறது: கைது, வழக்கு, தீர்ப்பு. கருத்துச் சொல்கிறவனை நோட்டமிடுவதற்கு முடிவே கிடையாது. அவன் மறுபடியும் பேசுவான், மறுபடியும் ஒரு பக்கம் சேரும்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். எங்கள் வேலையும் ஒருவகைக் கண்காணிப்புதான். ஓர் இடத்தில் தண்டவாளம் பலவீனம் என்று சந்தேகம் வந்தால் வேகக் கட்டுப்பாடு போடுவோம். அதில் எந்த கிலோமீட்டர், என்ன காரணம், எவ்வளவு வேகம் என்று எழுதியிருக்கும். அந்த எச்சரிக்கைச் சீட்டு டிரைவர் கையிலும் கார்டு கையிலும் கொடுக்கப்படும். வேலை முடிந்ததும் கட்டுப்பாட்டை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் நாள் கடத்தினால் மேலதிகாரி ஏன் என்று கேட்பார், வண்டிகள் தாமதமாகின்றனவே! காரணம் எழுதப்படாத, யாருக்கும் சொல்லப்படாத, எப்போது எடுப்பது என்ற யோசனையே இல்லாத ஒரு கட்டுப்பாட்டை நான் போட்டிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தண்டவாளத்துக்கு உள்ள இந்த மரியாதை ஒரு மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பணமும் அதிகாரமும் புழங்கும் நாற்காலிகளில் எங்களை நாலு வருஷத்துக்கு மேல் உட்கார விடமாட்டார்கள். ஹூவர் 1924 முதல் 1972-இல் இறக்கும்வரை 48 வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தார். எட்டு ஜனாதிபதிகள் வந்து போனார்கள். எல்லோரைப் பற்றியும் ஃபைல் வைத்திருப்பவரை யார் கேள்வி கேட்பது?

கடைசியில் கேட்டார்கள், ஆனால் தாமதமாக. 1971 மார்ச்சில் சில சாதாரணக் குடிமக்கள் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்து ஃபைல்களை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 1975-76-இல் செனட்டின் சர்ச் கமிட்டி பல வருஷத்து அத்துமீறல்களை விசாரித்து வெளியிட்டது. 1976-இல் எஃப்.பி.ஐ. தலைவரின் பதவிக்காலம் பத்து ஆண்டு என்று சட்டம் வந்தது. 1978-இல், வெளிநாட்டு உளவு சம்பந்தமான ஒட்டுக்கேட்புக்கு ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. பால்டுவின் 1987-இல் பிரான்சில் காலமானார். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் காம்பெல், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அந்த ஃபைலைக் கேட்டு வழக்காடினார். பக்கங்களை மறைத்துவைக்க எஃப்.பி.ஐ. சொன்ன காரணங்கள் போதாது என்று 1998-இல் அப்பீல் கோர்ட் சொன்னது. ஃபைலுக்கு உரியவர் அப்போது உயிரோடு இல்லை.

நம் நாட்டில் என்ன நிலைமை? 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு நெடுங்காலம் ஒட்டுக்கேட்டார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டெலிபோனில் பேசுவதும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று சொல்லி, உத்தரவுக்குக் கால வரம்பும் மறுபரிசீலனைக் குழுவும் வேண்டும் என்றது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் அவை உள்ளன. ஓர் உத்தரவு 60 நாள். நீட்டித்தாலும் 180 நாளுக்கு மேல் கூடாது. இது நல்ல ஏற்பாடு. எங்கள் வேகக் கட்டுப்பாடு மாதிரி.

ஆனால் உத்தரவு போடுகிறவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் மத்தியக் குழுவின் தலைவர் கேபினட் செயலாளர். மற்ற இருவரும் செயலாளர்களே. நீதிபதி ஒருவரும் இல்லை. தண்டவாளம் போட்டவரே அதற்குச் சான்றிதழும் கொடுப்பதை ரயில்வே ஏற்காது. புதிய பாதையில் பயணி வண்டி ஓட வேண்டுமானால் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்க்க வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். ஒட்டுக்கேட்புக்கும் அப்படி வெளியிலிருந்து ஒருவர், அதாவது ஒரு நீதிபதி, இருக்க வேண்டும் என்பது என் கருத்து. விசாரணை முடிந்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், சம்பந்தப்பட்டவருக்குப் பின்னாலாவது ஒரு கடிதம் போட வேண்டும். 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் உளவுத் துறைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதால், காம்பெல் போன வழியில் நாம் சுலபமாகப் போக முடியாது. ஆகவே சொல்ல வேண்டிய கடமை சர்க்காருடையதாக இருக்க வேண்டும்.

நண்பரின் பழமொழிக்கு வருகிறேன். அது வழிப்போக்கனுக்காகச் சொன்னது. அந்த வழியில் பயப்பட வேண்டியது திருடனுக்கு. பணமுடிப்பு இல்லாதவனைத் திருடனும் விட்டுவிடுவான். பால்டுவினின் மடி காலியாகத்தான் இருந்தது. அதில் இல்லாத கனத்தை வேறு யாரோ அறையில் உட்கார்ந்து தாள் தாளாகச் சேர்த்தார்கள். அது ஒரு சாண் உயரம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் நூலகத்துக்கு வருவார். இதற்கு அவர் வேறு பழமொழி வைத்திருந்தால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.