சோபாவுக்கு மேட்சான ரயில்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுமனை புகுவிழா. சந்தாபுரா பக்கம் புது அபார்ட்மென்ட், எட்டாவது மாடி. நண்பரும் என்னை மாதிரி பெங்களூரில் பொட்டி தட்டுகிறவர்தான். அவருக்கு ஆண்டிப்பட்டி, எனக்குப் போடி. கேசரி, போண்டா எல்லாம் முடிந்ததும் "வாங்க பாஸ், ஹாலைப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

சோபாவுக்கு மேலே வரிசையாக மூன்று படங்கள். மூன்றிலும் அதே பழைய நீராவி எஞ்சின். ஒன்று ரோஸ் கலர், ஒன்று மஞ்சள், ஒன்று கிளிப்பச்சை. பின்னால் காமிக்ஸ் புத்தகத்தில் வருகிற மாதிரி புள்ளி புள்ளியாக. பாப் ஆர்ட்டாம். சட்டத்தோடு சேர்த்து 14,000 ரூபாய்.

"என்ன ரயில் இது?"

"ஏதோ பழைய இங்கிலீஷ் காமெடிப் படமாம். கடையில சொன்னாங்க. கலர் சோபாவுக்கு மேட்சா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

கீழே பொடி எழுத்தில் படத்தின் பெயர் இருந்தது. தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட். நான் பார்த்த படம். அப்போது ஒன்றும் சொல்லவில்லை, விசேஷ வீட்டில் எதற்கு வம்பு என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஒரு வாரமாக மனசு கேட்கவில்லை, அதனால் இந்தப் பதிவு.

1953ல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த படம். கிராமத்துக்கு வருகிற கிளை ரயில் பாதையை மூடப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவிக்கிறது. ஊர்க்காரர்கள் "நாங்களே ஓட்டிக்கொள்கிறோம்" என்று கிளம்புகிறார்கள். முன்னால் நிற்பவர் ஊர்ப் பாதிரியார். பணத்துக்கு எங்கே போவது? ஊரில் ஒரு பணக்காரக் குடிகாரர் இருக்கிறார். ரயிலில் பார் வைத்தால் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே குடிக்கலாம் என்று சொல்லி அவரை மடக்கிவிடுகிறார்கள் :-) எஞ்சின் நாசமானதும் மியூசியத்தில் நிற்கிற கிழட்டு எஞ்சினை எடுத்து வந்து ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சின் நிஜமாகவே 1838ல் செய்தது. சோபாவுக்கு மேலே ரோஸ் கலரில் தொங்குவது அதுதான்.

கதையும் முழுக் கற்பனை இல்லை. வேல்ஸில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில். மூடவேண்டிய நிலைக்கு வந்தபோது, 1951ல் தன்னார்வலர்கள் கையில் எடுத்து ஓட்டினார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் டி.இ.பி. கிளார்க் இந்தக் கதையை எழுதினார்.

படத்தில் வில்லன் யார் தெரியுமா? பஸ் கம்பெனி முதலாளிகள் இரண்டு பேர். ரயில் செத்தால்தான் அவர்கள் பஸ் நிறையும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். மதுரை - போடி பாதை, சுமார் 90 கிலோமீட்டர். 1928ல் போட்டது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு, அகலப் பாதை ஆக்குகிறோம் என்று மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்!

அந்தப் பன்னிரண்டு வருஷமும் நானும் நண்பரும் என்ன செய்தோம்? வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஆம்னி பஸ்ஸுக்கு நின்றோம். தீபாவளிக்கு மூன்று மடங்கு டிக்கெட் கொடுத்தோம், கொடுத்துவிட்டுத் திட்டினோம். ஊரில் ரயில் கேட்டு மனு, ஆர்ப்பாட்டம் என்று நடந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் சித்தப்பா ஒரு தடவை கையெழுத்துப் படிவம் அனுப்பினார். "வெளியூர்ல இருக்கிற பயலுக போட்டா எடுபடும்டா" என்றார். அது என் லேப்டாப் பையிலேயே கிடந்து மடிந்து போனது. படத்தின் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் வில்லனின் வாடிக்கையாளர்கள். அந்த நாங்கள்தான் இப்போது ஹாலில் தண்டர்போல்ட் மாட்டியிருக்கிறோம்.

வெள்ளைக்காரன் படத்தை ஏன் மாட்டுகிறாய், வடிவேலு படத்தை மாட்டு என்று சொல்ல வரவில்லை. அது வேறு ஒரு கும்பல், அவர்களுக்கு டீ ஷர்ட்டே வந்துவிட்டது. என் கோபம் வேறு. அந்தப் படத்தில் ஊரே இருக்கிறது, சண்டை இருக்கிறது, நடுவில் ஒரு ரயில் ஓடுகிறது. பிரிண்ட் போட்டவர் ஊரையும் சண்டையையும் கழித்துவிட்டு எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டார். வாங்கியவர் அதையும் கழித்துவிட்டு கலரை மட்டும் வைத்துக்கொண்டார். பாப் ஆர்ட் என்றால் மலிவாக, நிறைய அச்சடித்து, எல்லார் கைக்கும் போகவேண்டும் என்று 1957லேயே ரிச்சர்ட் ஹாமில்டன் பட்டியல் போட்டார். அந்த லட்சணம் 14,000 ரூபாய் பிரிண்டைவிட எங்கள் மளிகைக் கடை சிவகாசிக் காலண்டருக்குத்தான் பொருந்தும். அதில் தேதியாவது கிழிக்கலாம்.

பழசை விடுங்கள். நண்பர் வீட்டுப் பக்கத்திலேயே ஹீலலிகே ஸ்டேஷன். பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்தில் அங்கிருந்து ராஜனகுண்டே வரை ஒரு பாதை, பெயர் கனகா. மொத்தம் நான்கு பாதை, 148 கிலோமீட்டர். 2016 கடைசியில் இந்த ஊர் மக்கள் "சுகு புகு பேகு" என்று கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். நம் "சிக்கு புக்கு ரயிலே" மாதிரி இல்லை? 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள், 40 மாதத்தில் முடியும் என்றார்கள். அந்த 40 மாதம் 2025 அக்டோபரோடு போய்விட்டது. வண்டியைக் காணோம். நாம் சில்க் போர்டில் நிற்கிறோம்.

அன்றைக்கே நண்பரிடம் இதைக் கேட்டேன். "நாம வெளியூர்க்காரங்க, நமக்கெதுக்கு பாஸ்?" என்றார். பதினேழு வருஷமாக இங்கே வரி கட்டுகிறார், பெண் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள், இப்போது எட்டாவது மாடியில் சொந்த வீடு. ஆண்டிப்பட்டிக்கும் வெளியூர்க்காரர், சந்தாபுராவுக்கும் வெளியூர்க்காரர் என்றால் எந்த ஊர் ரயிலுக்குத்தான் ஐயா இவர் வாய் திறப்பார்?

படத்தின் கடைசியில் அதிகாரி சோதனைக்கு வருகிறார். வண்டி லேட். போச்சு என்று எல்லாரும் தலையில் கை வைக்கும்போது, இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால்தான் லைசென்ஸ் கிடைத்திருக்காது என்கிறார் அவர். நம் ஊரில் லேட்டுக்கு அப்படி ஒரு பலன் கிடையாது.

கனகா பாதை என்ன நிலையில் இருக்கிறது, எப்போது முடியும் என்று கேட்டு ஒரு கடிதம் தயார். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் எதிர் வீட்டு மாமி, தும்கூர்க்காரர். வருகிற சனிக்கிழமை அந்த அபார்ட்மென்டில் வீடு வீடாகப் போகப் போகிறேன். நேற்று போனில் நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், முதல் கையெழுத்து தன்னுடையது என்றார். படத்தைக் கழற்றச் சொல்லக்கூடாது என்று ஒரே ஒரு கண்டிஷன் :-)