தள்ளிய கடனுக்கும் வரியா?

வராத பணத்தை வந்ததாகக் கணக்கெழுதி வரி கேட்பது எந்த நாட்டு நீதி? வீட்டை ஈடுவைத்தவன் நொடித்துப்போகிறான். வங்கி கடனில் ஒரு பகுதியைத் தள்ளுகிறது. உடனே வரி அதிகாரி வருகிறார்: “தள்ளிய தொகை உன் வருமானம், வரியைக் கட்டு!”

அமெரிக்காவில் இதுவே பொதுவிதி. ஆனால் வீட்டு விலைகள் சரிந்தபோது, 2007 டிசம்பரில், குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடன் தள்ளப்பட்டால் வரியில்லை என்று அந்நாடே தற்காலிக விலக்களித்தது. வரிக்கு அஞ்சிச் சமரசத்தை மறுப்பவனின் வீடு ஏலத்துக்குப் போகும்; அது அடிமாட்டு விலைக்குப் போனால் அயலான் வீட்டின் மதிப்பும் சரியும். இது இரக்கமன்று, கணக்கு!

“கடன் வாங்கிய நாளில் பணம் பெற்றானே” என்பர் சிலர். பெற்றான், அது வீட்டில் புதைந்தது. வீட்டின் விலை சரிந்ததும் கரைந்தது. கரைந்ததற்கு வரியா?

ராகலைக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இங்கும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியரும் வீட்டை ஈடுவைத்தே கடன் பெறுகின்றனர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதை யார் மறப்பார்? லயத்துத் தொழிலாளருள் பெரும்பாலோருக்கோ ஈடுவைக்கவும் காணி உறுதி இல்லை!

நாம் கோருவது இரண்டு: தொழிலாளிக்குக் காணி உறுதி, குடியிருக்கும் வீட்டின்மீது தள்ளப்படும் கடன் வருமானமன்று என்னும் தெளிவான சட்டவாசகம். முன்வாசலால் கொடுத்துப் பின்வாசலால் பறிப்பது நிவாரணம் ஆகாது!