பழைய கணினியும் புதிய அவசியமும்

எம். புதுப்பட்டியில் பட்டா நகலும் மின்கட்டண ரசீதும் எடுத்துத் தரும் சிறு கடையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைக்கும் கணினி, காலையில் பொத்தானை அழுத்தினால் டீ ஆறும்வரை கண் திறப்பதில்லை என்பதற்காக, அதனை இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கடைக்காரர் யோசனை கேட்டபோது, அவசரம் வேண்டாமென்றேன். பக்கத்தகட்டைக் கழற்றினால், விசிறியின் இதழ்களில் சாம்பல்நிறப் புழுதி கம்பளிபோல் படர்ந்திருந்தது. அதைத் துடைத்து, சுழலும் தட்டுடைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தியதும், அதே யந்திரம் அரை நிமிஷத்தில் விழித்துக்கொண்டது.

ஆனால் வேகம் வேறு, க்ஷேமம் வேறு. அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ல், தீபாவளிக்கு ஆறே நாள் முன்பாக, நின்றுபோயின. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 வசதியும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் கேட்கிறது; இந்தப் பழைய யந்திரத்துக்கு அது எட்டாது. ஊராரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கடந்துபோகும் யந்திரத்தைத் திருத்தமின்றி ஓட்டுவது, என் அபிப்பிராயத்தில், அவர்களுடைய விசுவாசத்துக்குச் செய்யும் துரோகம். லினக்ஸில் பிரிண்டரும் தமிழ்த் தட்டச்சும் சரிவர இயங்குமாயின் அதற்கு மாறிக்கொள்ளவும், இல்லையேல் போனஸ் பணம் புழங்கும் ஐப்பசியிலேயே புதியது வாங்கிவிடவும் சொன்னேன்.